சீட்டுக்கு அடியில் பத்து இஞ்ச்

பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் வைக்க நான் தயாரில்லை. நாற்பத்தாறு வயதில், காலேஜ் படிக்கிற மகளை ஹாஸ்டலில் வைத்துக்கொண்டு, பாட்டின் அடிச்சத்தத்தைத் தூக்கிக் காட்டுவதற்காகக் காருக்குள் வைக்கிற ஒரு சப்வூஃபரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெட்டி என் ஓர்ப்படியின் காரில் இருந்தது. அதைத் தேடித் தேர்ந்தெடுத்து, தன் கையால் பொருத்திக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். எரியாமல் என்ன செய்யும்?

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு கீழும் மாடியுமாக இரண்டு குடித்தனம். கீழே நாங்கள். மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தனுக்கு வளைகுடாவில் வேலை. வருஷத்தில் ஒரு மாதம் வருவான், சாக்லேட் கொடுப்பான், போய்விடுவான். ஓர்ப்படிக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். நல்லவள், அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் டெஸ்டில் கம்பிகளுக்கு நடுவே H போட்டுக் காட்டவேண்டும் இல்லையா, அதில் இரண்டு முறை கம்பியைச் சாய்த்தார். மூன்றாம் முறை போகவே இல்லை. அதனால் பதினோரு வருஷமாக நான்தான் அவருக்கு டிரைவர். காலையில் என் காரில் ஏற்றிப் பட்டம் ஜங்ஷனில் இறக்கிவிடுவேன். என் ஆபீஸ் அங்கே. அவர் ஆபீஸ் கழக்கூட்டத்தில், பட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போவார். வீட்டிலிருந்து பட்டம் வரைக்குமான அரை மணி நேரம் நான் பேசுவேன், அவர் கேட்பார், அல்லது கேட்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். என் மேனேஜரின் திமிர், தண்ணீர் வராத குழாய், மகள் போனை எடுக்காதது, எல்லாவற்றையும் அந்த அரை மணி நேரத்தில்தான் கொட்டுவேன். வீட்டில் எங்கே நேரம் இருக்கிறது?

ஓர்ப்படி போன வருஷம் சின்னதாக ஒரு கார் வாங்கினாள். பைபாஸ் வழியாகப் போனால் அவருடைய ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிடுவாள், பஸ் அலைச்சல் கிடையாது. அப்போதும் அவர் என் கூடத்தான் வந்தார். அதில் எனக்கு உள்ளூர ஒரு கெத்து. 'பாத்தியா' என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் நடையில் இருந்திருக்கும்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது.

அவருக்கு இந்த விவகாரம் எப்படித் தெரியும் என்றால், கல்யாணத்துக்கு முன்பு ஒரு கானமேளா டிரூப்பில் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். கோயில் உற்சவத்தில் மேடை போட்டுச் சினிமாப் பாட்டுப் பாடுவார்களே, அந்தக் கூட்டம். வித்துரா பக்கம் ஏதோ உற்சவத்தில் எடுத்த போட்டோ ஒன்று அலமாரியில் கிடக்கிறது. பாடுகிறவர் முன்னால் வெளிச்சத்தில் நிற்பார். இவர் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாதி இருட்டில். கல்யாணமான புதிதில் ஆசையாக எடுத்துக் காட்டினார். "அய்ய, மூஞ்சியே தெரியலியே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் கானமேளாவைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஓர்ப்படி ஏதோ கேட்டாளாம், இவர் சரி என்றாராம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் காருக்குள் தலையும், தெருவில் காலுமாகக் கிடந்தார். எங்கள் வீட்டு மிக்ஸிக்குப் பிளக் மாற்ற ஆறு மாசம் எடுத்துக்கொண்ட மனுஷன்! பேட்டரியிலிருந்து வயர் இழுத்தார், ஃபியூஸ் போட்டார், கம்பளத்தைத் தூக்கி வயரை ஒளித்துத் திரும்ப ஒட்டினார். நான் டீ கொண்டுபோனபோது, "அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தேன். என் கையால் வெளிச்சம் காட்டித்தான் அந்த வேலையே நடந்தது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு அவ கூடப் போறேன். பஸ் மிச்சம்" என்றார். செவ்வாய்க்கிழமையும் பஸ் மிச்சம். புதன்கிழமை காரணமே சொல்லவில்லை.

எட்டு பத்துக்கு மேல்வீட்டுக் கார் கிளம்பும். என் சமையலறை ஜன்னல் கண்ணாடி மெதுவாக அதிரும். அவள் சிரிப்பது கேட்கும், அவர் ஏதோ சொல்வது கேட்கும். என்ன சொல்கிறார் என்பது மட்டும் கேட்காது, அந்த டும் டும் தின்றுவிடும். அதுவரைக்கும் அவரைப் 'பெரியத்தான்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பெட்டி வந்த பிறகு 'அத்தான்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாடிப்படியில் நின்று, "அத்தான், டைம் ஆயி, வாங்கோ" என்பாள். அந்தப் 'பெரிய' எங்கே போயிற்று என்று தோசைக்கல்லைப் பார்த்துக் கேட்டேன். தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். அதுதான் பெரிய கஷ்டம். சண்டை போடலாம் என்றால் கையில் ஒரு தப்பாவது கிடைக்க வேண்டாமா?

தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பேச ஆளில்லை. ஒரு நாள் சிக்னலில் நின்றபோது வாய்விட்டு மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், பக்கத்து ஆட்டோக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "எந்தா சேச்சி?" என்றார்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். எனக்கும் வேண்டும். அவளுடையதைவிடப் பெரிதாக வேண்டும்.

பெரிது என்றால் எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமே. சனிக்கிழமை மத்தியானம் ஓர்ப்படி தூங்குகிற நேரம். ஆணியில் தொங்கிய அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, இஞ்ச் டேப்போடு போனேன். திருட்டுத்தனம்தான், மறுக்கவில்லை. முன்சீட்டுக்கு அடியில் குனிந்தால் தட்டையாக ஒரு கறுப்புப் பெட்டி. எட்டு இஞ்ச். அளந்து போட்டோ எடுத்தேன். எழுந்திருக்கும்போது கியருக்குப் பக்கத்தில் பேஸைக் கூட்டிக் குறைக்கிற சின்னக் குமிழ் ஒன்று கண்ணில் பட்டது. குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டிருந்தது. ஒரு கோட்டில் 'பழைய பாட்டு'. ஒரு கோட்டில் 'மழை'. கடைசிக் கோட்டில் 'இதுக்கு மேல வேண்டாம்'.

அவருடைய எழுத்து. குட்டி குட்டியாக, உருட்டி உருட்டி எழுதுகிற எழுத்து. மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பேஸ் கேட்காது, அதற்காக ஒரு கோடு. யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். என் கைக்கு அவர் எழுதித் தந்தது கடைசியாக என்ன? கேஸ் புக் பண்ணின நம்பர். ஒரு துண்டு டேப்பைப் பார்த்து அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நகத்தால் அதன் ஓரத்தைக் கொஞ்சம் கிளப்பினேன். பிறகு பயந்து அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.

கரமனையில் காருக்குப் பாட்டுப் பெட்டி வைக்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் போன்ற தமிழ்க்காரர்கள் வந்து வந்து அவருக்குத் தமிழும் பாதி வந்துவிட்டிருந்தது.

"சேச்சி எந்த டைப் பாட்டு கேக்கும்?" என்றார்.

"பாட்டு கிடக்கட்டும். எட்டு இஞ்சைவிடப் பெரிசு வேணும்."

அவர் சிரித்துவிட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினார். டிக்கியில் பெரிய பெட்டி வைத்து, ஆம்ப்ளிஃபயரைத் தனியாக வைப்பது ஒரு வழி. அது நடக்காது என்றேன். மாசத்துக்கு ஒரு தடவை நாகர்கோவிலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது டிக்கியில் தேங்காய், அரிசி, வாழைக்குலை வரும், அதில் ஒரு ஜாண் இடத்தைக்கூட யாருக்கும் தருவதாக இல்லை. அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே அடங்கின தட்டைப் பெட்டி, சீட்டுக்கு அடியில் போய்விடும் என்றார். அட்டையில் பெரிதாக எழுதியிருக்கிற வாட்ஸைக் காட்டி இது போதுமா என்றேன். "அது வெறுதே எழுதுறது, சேச்சி. உள்ள சின்னதா ஆர்.எம்.எஸ்.னு போட்டிருக்கும், அதுதான் சத்தியம்" என்றார்.

எட்டு இஞ்சையும் பத்து இஞ்சையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். வீட்டுக்காரர் முணுமுணுக்கிற பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இரண்டும் பக்கத்து வீட்டில் மாவு இடிக்கிற மாதிரியே இருந்தன. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எட்டு மதி, அது போதும் சேச்சி" என்றார் கடைக்காரர். "சின்ன வண்டி. பத்து வச்சா சீட்டு பின்னால போகாது. முன்னால இழுத்து நிறுத்தணும். நெட்டையா ஆளு இருந்தா முட்டி இடிக்கும், கேட்டோ."

என் வீட்டுக்காரர் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.

"இடிக்கட்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பத்தரைக்குக் காரோடு போய் நின்றேன். போன பிறகுதான் ஞாபகம் வந்தது, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். வேலையைத் தொடாதீர்கள் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் என் முகத்தையே பார்த்தார். பன்னிரண்டு அடித்ததும், "இப்ப ராகு போயோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போனட்டைத் திறந்தார்.

சாயங்காலம் நேரே பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனேன். பதினோரு தேங்காய் வாங்கினேன். வேறு எதையும் கேட்கவில்லை. 'பிள்ளையாரே, என் புருஷனை என் காரில் ஏற்றிவிடு' என்று மட்டும் சொல்லி, ஒவ்வொன்றாக ஓங்கிப் போட்டேன். நான் போட்ட வேகத்தில் பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப்போனார். ஒவ்வொரு தேங்காய்க்கும் ஒரு முகம் இருந்தது. யார் முகம் என்று பிள்ளையாருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே காரை வாசலில் நிறுத்தி, அவருடைய பாட்டைப் போட்டேன். சத்தத்தைத் தாராளமாகவே வைத்தேன். எதிர்வீட்டு மாமி கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் நடையிலேயே நின்றுவிட்டார். மாடிப்படியில் ஓர்ப்படி சாவியோடு நின்றாள்.

"ஐயோ அக்கா, அடிபொளி!" என்று கைதட்டினாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம், துளி கள்ளம் இல்லை. "அத்தான், இன்னைக்கு அக்கா கூடப் போங்கோ."

ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை, பாருங்கள். அவள் விட்டுக்கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். அப்படி ஆகிவிட்டது.

அவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு முட்டியும் டேஷ்போர்டில் இடித்தன. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தார், நகரவில்லை. அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"பத்து இஞ்சா?"

"ஆமா. மேல இருக்கது எட்டுதானே."

கார் கிளம்பி ஸ்ரீவராகத்தைத் தாண்டுவதற்குள் குமிழைத் திருகிப் பாதியாகக் குறைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குறைக்கவா நான் வாங்கி வச்சேன்? அங்க மட்டும் கண்ணாடி அதிருது."

"இவ்வளவு வச்சா எல்லாம் ஒரே இரைச்சலாயிரும். சுருதி தெரியாது" என்றார் மெதுவாக. "பெட்டி நல்ல பெட்டிதான். நீயா எடுத்தே?"

"பின்ன? எனக்கு யாரு எடுத்துத் தருவா?"

கிழக்கே கோட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டோம். என் வாய் அதற்கு மேல் தாங்காது.

"அவளுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை செஞ்சிய. எனக்கு ஏன் செஞ்சு தரணும்னு தோணல?"

"நீ கேக்கலியே."

"அவ கேட்டாளோ?"

"அவளும் பெட்டி கேக்கல." முட்டியை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். "ஒரு நாள் மாடிப்படியில வச்சு அந்தப் போட்டோவைப் பத்திக் கேட்டா. உன் கொழுந்தன் எப்பவோ சொல்லியிருக்கான். 'ஒரு பாட்டுல நீங்க வாசிக்கது எந்தச் சத்தம், எனக்கு அது மட்டும் பிரிச்சுத் தெரிய மாட்டேங்குது'ன்னா. போன்ல போட்டுக் காட்டினேன். போன்ல அது வராது. அவ கார்ல இருந்த ஸ்பீக்கர்லயும் வரல. அப்பதான் இதை வாங்குவோம்னு நான்தான் சொன்னேன்."

இருபத்தொரு வருஷம். அவருடைய சர்க்கரை அளவு தெரியும், எந்தக் குழம்புக்கு எத்தனை கரண்டி சோறு என்று தெரியும், தூக்கத்தில் எந்தப் பக்கம் புரளுவார் என்று தெரியும். எந்தச் சத்தம் அவருடையது என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அந்தக் கேள்வியை மாடியில் இருக்கிறவள் கேட்டுவிட்டாள். இதற்கு முன்னால் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, அப்போதுதான் நிஜமாக எரிந்தது.

பட்டத்தில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை.

"எனக்கும் காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! பாட்டை முதலிலிருந்து வைத்தார். "டிரம்ஸை விட்டுரு. வயலினை விட்டுரு. பாடுறவங்களையும் விட்டுரு. அடியில ஒண்ணு நடந்துகிட்டே போவும். அது கூடப் போ."

கண்ணை மூடிக்கொண்டேன். சீட்டு அதிர்ந்தது, காலுக்கு அடியில் என்னவோ அதிர்ந்தது. மாவு இடிப்பது போலத்தான் இருந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப?"

"இப்ப நல்லா கேக்குது" என்றேன். சந்தோஷப்படட்டும் என்றுதான் சொன்னேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துல பேஸ் கிடையாது" என்றார். "சரணத்துக்கு முன்னால நின்னுரும். இப்ப வெறும் குழல்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பழகிப்போனவர் மாதிரி சொன்னார்.

கேட்கக்கூடாது என்று தெரிந்துதான் கேட்டேன். "அவளுக்குக் கேட்டுச்சோ?"

"ம்."

"இதே எடம்?"

"ரெண்டாவது நாளே, இந்த எடம் வந்ததும், 'ஐயோ அத்தான், நிறுத்திட்டேளே'ன்னா."

நிறுத்திட்டேளே. வாசித்தவர் யாரோ, எந்தக் காலத்திலோ ஏதோ ஸ்டூடியோவில் வாசித்தது. அவளுக்கு அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் வாசிப்பதாகக் கேட்டிருக்கிறது.

கழக்கூட்டம் பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் கதவைப் பூட்டுகிற பட்டனை அழுத்தினேன்.

"முதல்லேர்ந்து போடுங்க."

"பஸ்ஸு போயிரும்."

"போகட்டும். போடுங்க."

போட்டார். நான் எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தேன், டிரம்ஸை, வயலினை, பாடுகிறவளை. பஸ் போயிற்று. பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

"கேக்குதா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல" என்றேன். "கேக்கல."

அவர் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டை மறுபடியும் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்.